தண்ணி விட்டுத் தேய்ங்க சார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. படித்துவிட்டு யாராவது என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை, போன மாதம் சாப்பிட்ட பொங்கலுக்கும் வடைக்கும் நன்றி.

விஷயம் இதுதான். வடோதராவில் நம்ம தமிழ்க் குடும்பங்களுக்குள் கொஞ்ச நாளாக ஒரு புது மோகம் கிளம்பியிருக்கிறது. கல் அறுப்பது. கம்பாத் பக்கத்தில்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அகேட் உருண்டைகளைக் கிலோ கணக்கில் வாங்க வேண்டியது. வீட்டுக்கு வந்ததும் யூட்யூபில் எவனோ ஒருத்தன் ஆங்கிள் கிரைண்டரை வைத்துச் சர்ரென்று கல்லைத் தேய்ப்பதைப் பார்க்க வேண்டியது. அடுத்த நாளே ஹார்டுவேர் கடையில் ஒரு கிரைண்டரும் வைர பிளேடும் வாங்கி, பால்கனியில் மனை போட்டு உட்கார்ந்துவிட வேண்டியது. மூக்கில் ஒரு கைக்குட்டை. பக்கத்தில் பையன் செல்போனில் படம் பிடிக்கிறான். உள்ளே கொடியில் துணி காய்கிறது. மூன்று வீட்டில் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன்.

நானும் கல் தேய்ப்பவன்தான். ஆறு வருஷமாகத் தேய்க்கிறேன். அதனால் "பொழுதுபோக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்கள்" என்று சொல்ல வரவில்லை. காய்ந்த கல்லைக் காய்ந்த சக்கரத்தில் தேய்ப்பதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். இன்னொன்றும் சொல்ல வருகிறேன். அது உங்களுக்கு இன்னும் பிடிக்காது, கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

கல் தேய்ப்பது எவ்வளவு நல்ல வேலை தெரியுமா? வெளியே பார்த்தால் அழுக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அறுத்தால் உள்ளே கோடு கோடாக, தேனும் பாலும் சாம்பலும் ஓடிய மாதிரி. அந்தத் துண்டில் எந்தக் கோடு நடுவில் வர வேண்டும் என்று பார்த்து, அளவுச் சட்டத்தை வைத்துப் பித்தளைக் கம்பியால் கோடு கிழிக்க வேண்டும். பென்சில் கோடு தண்ணீரில் போய்விடும், பித்தளைக் கோடு நிற்கும். ஓரத்தை வெட்டி எடுத்து, அரக்கைச் சூடாக்கி ஒரு குச்சி முனையில் கல்லை ஒட்ட வேண்டும். அந்தக் குச்சிதான் உங்கள் கைப்பிடி. முதலில் 80-ஆம் நம்பர் சக்கரத்தில் வடிவம். அடியில் தட்டை, மேலே குவிவு, மோதிரத்தில் பதிக்கிற பழைய பாணிக் கல் மாதிரி. வைரத்துக்குப் போடுகிற பட்டைகள் எதுவும் இதில் கிடையாது, ஆரம்பக்காரர்களுக்கு இதுதான் சரி. பிறகு 220, 600, 1200, 3000. ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய நம்பரின் கீறல் முழுவதும் போகிற வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து விளக்கில் காட்டினால்தான் கீறல் தெரியும், ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகிதான். கடைசியில் தோல் சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு பூசித் தேய்த்தால் திடீரென்று ஒரு கணத்தில் கல் கண் திறக்கும். அதற்காகத்தான் வாரம் முழுக்க ஆபீஸில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டிவிட்டுச் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

இந்த வேலையில் ஆரம்பம் முதல் கடைசி வரை தண்ணீர் உண்டு. சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காரணம் மூன்று. வைரத்தூள் பதித்த பிளேடு சூட்டில் கெட்டுவிடும். கல் சூடானால் வெடிக்கும், அரக்கும் இளகிக் கல் பறந்துவிடும். மூன்றாவது, தூசி. முதல் இரண்டும் காசு நஷ்டம், அதனால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. மூன்றாவது கண்ணுக்கே தெரியாது, அதனால் யாருக்கும் புரியவில்லை.

அகேட், சூதுபவளம், ஸ்படிகம், ஜாஸ்பர் எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான். சிலிக்கா. அகேட் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கெடுதல் செய்வது தெரியாத தூசி. தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம் என்று வைத்தால், இது 4, 5 மைக்ரானுக்கும் கீழே. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய் உட்காரும். உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்த்து, செரிக்க முடியாமல் அவையே செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு. தழும்பு சேர்ந்து சேர்ந்து நுரையீரல் தோல் மாதிரி விறைத்துவிடும். பெயர் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகலாம். காசநோயும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். பல வருஷம் கழித்துத்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், தூசி மிக அதிகமென்றால் சில வருஷத்திலேயே.

"வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். இன்ஜினியர் வேறு. சரி, இன்ஜினியர் மாதிரியே கணக்குப் போடுவோம். அமெரிக்காவில் 2016-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா. உங்கள் அறை மூன்று மீட்டர் நீளம், மூன்று அகலம், மூன்று உயரம் என்றால் 27 கன மீட்டர். அதாவது அந்த அறை முழுவதற்கும் 1.35 மில்லிகிராம். உப்புத் தூளில் இருபது முப்பது பொடி தேறும், அவ்வளவுதான். எட்டு கிராம் துண்டைத் தேய்த்து ஐந்து கிராம் கல் ஆக்கினால், மூன்று கிராம் தூளாகப் போகிறது. அதாவது 3000 மில்லிகிராம். எல்லாம் நுண்தூசி ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். நூற்றில் ஒரு பங்குதான் ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 30 மில்லிகிராம். வரம்பைப் போல 22 மடங்கு. ஒரே ஒரு மோதிரக் கல்லுக்கு. அது காற்றில் மணிக்கணக்காக மிதக்கும், பிறகு மெத்தையிலும் திரைச்சீலையிலும் உட்காரும், மறுநாள் காலையில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தால் பெருக்கி மறுபடியும் எழுப்பிவிடுவார். நீங்கள் ஒரு மணி நேரம்தான் தேய்த்தீர்கள் சார். அவர் எவ்வளவு நேரம் மூச்சு விட்டார்?

கைக்குட்டை கட்டினால் போதும் என்பவர்களுக்கு: கைக்குட்டை கொசுவுக்குக்கூட ஆகாது. கோவிட் காலத்தில் வாங்கி வைத்த என்95 முகமூடி கொஞ்சம் உதவும், முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால். தாடி இருந்தால் ஒட்டாது. எப்படியிருந்தாலும் அது உங்கள் ஒரு முகத்துக்குத்தான், பக்கத்தில் படம் பிடிக்கும் பையனுக்கு இல்லை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "அப்போ கிரைண்டர் மேல் தண்ணி ஊத்தறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள்! கையில் பிடிக்கிற சாதாரண ஆங்கிள் கிரைண்டர் தண்ணீருக்காகச் செய்தது இல்லை. சிலிக்கோசிஸ் வருவதற்கு முன்பே ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். தண்ணீர்த் தொட்டியோடு வருகிற டைல் அறுக்கும் மேசை மெஷின் இருக்கிறது, அறுக்க அது போதும். தேய்ப்பதற்குச் சொட்டு நீர் அமைப்போடு வரும் சக்கர மெஷின். பிளக்குக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ரப்பர் செருப்பு. இதற்கெல்லாம் காசு இல்லையென்றால் தட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் சிலிக்கன் கார்பைடு பொடியும் தண்ணீரும் போட்டுக் கையாலேயே அரைக்கலாம். அம்மியில் அரைக்கிற மாதிரிதான். ஒரு கல்லுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டுமே, யாருக்கு டெலிவரி கொடுக்கப் போகிறீர்கள்?

ஊரிலிருந்து ரயிலில் வெட் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஜாதி நாம். அரிசியைத் தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, கல்லை எப்படி அரைக்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது :-)

இனி கம்பாத்துக்கு வருகிறேன்.

அகேட்டைப் பொறுத்தவரை கம்பாத் சாதாரண ஊர் இல்லை. கல் வருவது பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து. அங்கே குன்றின் மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது, சித்தி சமூகத்தார் பேணுகிற இடம், கல் தொழிலுக்கே அவர்தான் ஆதி குரு என்பது நம்பிக்கை. எடுத்த கல்லை வெயிலில் காயவைத்து, பானையில் வைத்து மூடி, எருமுட்டைத் தணலில் சுடுவார்கள். கல்லில் உள்ள இரும்பு சூட்டில் சிவக்கும். அதுதான் நாம் சூதுபவளம் என்று சொல்வது. பிறகு தரையில் நட்ட இரும்பு முளையில் கல்லைச் சாய்த்து, எருமைக் கொம்பு முனை வைத்த சுத்தியால் தட்டித் தட்டி மணியின் வடிவத்துக்குச் செதுக்குவார்கள். அதே ரகத் தொழில் நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே பக்கத்து லோத்தலில் நடந்திருக்கிறது, மணி செய்யும் பட்டறையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் மணி செய்த பட்டறைகள் கிடைத்ததும், அங்கே கிடைத்த சூதுபவளம் உள்ளூர்க் கல் அல்ல என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கீழடியிலும் சூதுபவள மணிகள் உண்டு. இந்தப் பெருமையை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம்.

அந்த மணியை இன்று தேய்ப்பவர் யார்? கம்பாத்திலும் அதை ஒட்டிய ஷகர்பூர் போன்ற ஊர்களிலும், வீட்டிலேயே, திண்ணையிலேயே, மோட்டார் வைத்த எமரிச் சக்கரத்தில், காய்ந்த கல்லை. அவர்களுக்குப் பெயரே "கசியா", தேய்ப்பவர். கையால் சக்கரம் சுற்றிய காலத்தை விட மோட்டார் வந்த பிறகு வேகமும் கூடியது, தூசியும் கூடியது. ஆமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1980-களிலிருந்தே இங்கே ஆய்வு செய்து சிலிக்கோசிஸ் இருப்பதைச் சொல்லியிருக்கிறது. தேய்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, சக்கரத்தில் கையே வைக்காமல் அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கும். தூசியை உறிஞ்சி இழுக்கும் சாதனத்தைக்கூட அதே நிறுவனம் செய்து காட்டியது. ஆக, என்ன நோய் என்று தெரியாமல் இல்லை, தடுக்க வழி தெரியாமலும் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். காகா என்று கூப்பிடுவேன். (குஜராத்தியில் சித்தப்பாவுக்குக் காகா. நம்ம ஊர்க் காக்காவை நினைத்துச் சிரிக்காதீர்கள்.) அவர் செதுக்குகிறவர், தேய்ப்பவர் இல்லை. "ஏன் காகா நீங்க சக்கரத்துல உட்காரல?" என்று கேட்டேன். "உட்கார்ந்த என் தம்பி இல்ல, உட்காராத நான் இருக்கேன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஏன் தண்ணீர் விடுவதில்லை என்று வியாபாரிகளைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஈரத்தில் வேகம் குறையும், கல்லின் வடிவம் தெரியாது, சக்கரம் கெடும், குளிரில் கை மரத்துப்போகும். வேகம் குறையும் என்பது உண்மைதான். கூலி மணிக்கணக்கில் இல்லை, உருப்படிக் கணக்கில். வேகம் குறைந்தால் அன்றைக்கு அடுப்பு குறையும். தூசியைத் தானே தின்று உருப்படியைக் கூட்டுவது ஒன்றுதான் அந்த மனிதர் கையில் இருக்கும் வழி. சிலிக்கோசிஸ் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணை தொழிற்சாலை ஆகாதே. முதலாளி என்று காட்ட ஆள் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. வியாபாரி கல்லைக் கொடுக்கிறார், மணியாக வாங்கிக்கொள்கிறார், நடுவில் நடப்பது அவருக்குத் தெரியாது!

வழக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்ததையும் பாருங்கள். கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, அலிராஜ்பூரிலிருந்து ஆதிவாசிகள் வேலைக்குப் போனார்கள். இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது 2016-ல். வழக்குப் போட்டுப் பத்து வருஷம் கழித்து. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் அவர்களும்தான். நாம் ஏசி கோச்சில் வந்தோம்.

தண்ணீர் ஒன்றே மந்திரம் என்றும் நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் இடார்-ஓபர்ஸ்டைன் என்று ஒரு ஊர், அவர்களுக்கு அகேட்டில் அதுதான் கம்பாத். அந்தக் காலத்தில் நீராலையில் சுற்றும் பிரம்மாண்டமான மணற்கல் சக்கரத்தின் முன்னால் ஆட்கள் குப்புறப் படுத்துக்கொண்டு தேய்ப்பார்கள், சக்கரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேயும் நெஞ்சு நோய் விடவில்லை. தெறிக்கும் சாரலிலும் தூசி உண்டு. அதனால் தண்ணீரும் வேண்டும், காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் வேண்டும், சாரலைத் தடுக்கும் மறைப்பும் வேண்டும். பொழுதுபோக்குக்காரன் நான் இந்த மூன்றையும் இரண்டு மாசச் சிக்கனத்தில் வாங்கிவிட்டேன். வயிற்றுக்காகத் தேய்ப்பவரால் வாங்க முடியவில்லை.

இப்போது பிடிக்காத விஷயம். போன தீபாவளி சமயத்தில் ஒரு குழுவாகக் கம்பாத் போனோமே, நினைவிருக்கிறதா? அகேட் மாலை ஒன்றுக்குச் சொன்ன விலையைப் பாதியாக்கிவிட்டு வேனில் திரும்பி வரும்போது என்ன கைதட்டல்! "நீங்க சூப்பரா பேசினீங்க அண்ணி" என்று பாராட்டு வேறு. மால் கடையில் பிராண்டு கைக்கடிகாரத்துக்கு விலைச்சீட்டில் இருக்கிறதைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் எல்லோரும். பாதியாக்கிய அந்தப் பணத்தைக் கடைக்காரர் தன் பையிலிருந்தா கொடுத்தார்? அடுத்த முறை உருப்படிக் கூலியில் பைசா பைசாவாக இறங்கும், சக்கரம் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்.

"நாங்க பேரம் பேசலைன்னாலும் அந்தக் காசு தேய்க்கிறவருக்குப் போகுமா?" என்று கேட்பீர்கள். தானாகப் போகாது. அதனால்தான் கடையில் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். இதைத் தேய்த்தது எங்கே, தண்ணீரிலா காய்ந்தா? அந்த இடத்தைப் பார்க்க முடியுமா? முதல் கடையில் முறைப்பார்கள். நான்காவது கடையில் ஒருவர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார், எனக்குக் காட்டினார்கள். ஈரச் சக்கரம் வைத்திருப்பவர் விலை கொஞ்சம் கூடச் சொன்னார், கொடுத்தேன். ராசிக்கல் வாங்குகிறவர்கள் இதையும் ஜோசியரிடம் கேளுங்கள்: ஒருத்தர் மூச்சை வாங்கிக்கொண்டு வந்த கல் எந்தக் கிரகத்துக்குப் பரிகாரம்? கறுப்பு ஓனிக்ஸ் என்று விரலில் போட்டிருப்பதில் பெரும்பாலானவை, அகேட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு கந்தக அமிலத்தில் போட்டுக் கறுப்பாக்கியது என்பது உபரித் தகவல். சனி பகவான் சர்க்கரைப் பாகுக்கு மசிவாரா என்று எனக்குத் தெரியாது.

கல் மோகம் இல்லாதவர்களும் தப்பிக்க முடியாது. புது ஃபிளாட்டுக்குச் சமையல் மேடை போடுகிறோம். மாடிப்படி நடுவில் ஒரு பையன், பதினெட்டு வயசு இருந்தால் அதிகம், கிரானைட்டைக் காய்ந்தபடியே அறுத்துக்கொண்டிருப்பான், தலைமுடி எல்லாம் வெள்ளையாக. நாம் கதவைச் சாத்திக்கொண்டு "தூசி உள்ள வருது" என்று சொசைட்டிக்குப் புகார் செய்வோம். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ். இப்போது ஃபேஷனாகிவிட்ட செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கும் மேல்கூட இருக்கும். அந்தப் பலகையை அறுத்த இளைஞர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. இங்கே "ஸ்டெயின் ஆகாது மேடம்" என்று விற்கிறார்கள். மேஸ்திரியிடம் ஒப்பந்தம் பேசும்போதே, கடையில் தண்ணீர் மெஷினில் அறுத்துக்கொண்டு வா, இங்கே வந்து பொருத்த மட்டும் செய், அதற்கு எவ்வளவு கூட ஆகும் என்று கேளுங்கள். நான் கேட்டேன். ஆன செலவு, சிம்னியில் விளக்கு எரிய வேண்டும் என்று கூடுதலாகக் கொடுத்ததை விடக் குறைவு.

ஊரில் மாமல்லபுரத்துக்குப் போனால் இதே கதைதான். உளிச் சத்தம் கேட்டு உருகுகிறோம், இப்போது அங்கே உளியை விட மெஷின் சத்தம்தான் அதிகம். சிற்பியோடு செல்ஃபி எடுக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் வெள்ளைப் பொடி நன்றாக விழுகிறது, படத்துக்கு அழகாக இருக்கிறதாம்.

பால்கனிக்காரர்கள் யாராவது மனம் மாறினால் வீட்டுக்கு வாருங்கள். என் மெஷினில் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வரை தேய்க்கலாம். பழைய சட்டை போட்டு வாருங்கள், போகும்போது மாற்றிக்கொள்ள இன்னொன்று. தொட்டியில் தங்கும் சேற்றைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது, அடைத்துக்கொள்ளும். காயவும் விடக் கூடாது, காய்ந்தால் மறுபடி தூசி. ஈரத்தோடேயே வழித்து பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுவது முதல் நாள் வருகிறவர்களுடைய வேலை.